கைக்கு எட்டும் கட்டி

ஒரு லட்சம் பெண்களை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 95 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. இந்தியாவில் சுமார் 27 பேருக்கு. வயது வித்தியாசத்தைச் சரிசெய்த எண்கள் இவை. அதாவது, இரண்டு நாடுகளிலும் இளம்பெண்களும் கிழவிகளும் ஒரே விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இதோடு நிறுத்திக்கொண்டால் நம் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அட்டவணையில் பக்கத்துக் கட்டமும் இருக்கிறது. அதே நோயால் இறப்பவர்கள் அமெரிக்காவில் லட்சத்துக்குச் சுமார் 12 பேர், இந்தியாவில் 13 முதல் 14 பேர்.

நோய் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சாவு மட்டும் ஒரு பிடி கூடுதல்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,92,000 பேர்; இறந்தவர்கள் ஏறக்குறைய 98,000 பேர். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 23 லட்சம் பேருக்கு 6.7 லட்சம் சாவு. உலகக் கணக்கில் பத்துக்கு மூன்று, நம் கணக்கில் பத்துக்கு ஐந்து.

அக்டோபர் பிறந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு நடக்கும் கூட்டங்களில் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நம் பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது, கூச்சம் அதிகம், முற்றிய பிறகுதான் வருகிறார்கள் என்று. பாதி உண்மை. மீதிப் பாதியில் பதில் சொல்ல வேண்டியவள் நோயாளி இல்லை. அதனால்தானோ என்னவோ, அதை மேடையில் யாரும் எடுப்பதில்லை.

நோய் ஏன் கூடிவருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு அங்கே போகலாம். 1963இல் பம்பாயில் மருத்துவர் டி. ஜே. ஜஸ்ஸாவாலா தொடங்கிய பதிவேடுதான் இந்தியாவில் ஒரு நகரத்து மக்கள் அனைவரையும் கணக்கில் கொண்ட முதல் புற்றுநோய்ப் பதிவேடு. அதைப் புரட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பார்சிப் பெண்களுக்கு மற்ற சமூகப் பெண்களைவிட மார்பகப் புற்றுநோய் அதிகம். அவர்கள் அதிகம் படித்தவர்கள், தாமதமாக மணம் புரிந்தவர்கள், குழந்தைகளும் ஒன்றிரண்டுதான். ஒவ்வொரு பிரசவமும் ஒவ்வொரு மாதப் பாலூட்டலும் மார்பகச் செல்களை முதிரச் செய்கின்றன. முதிர்ந்த செல் தடம்புரள்வது குறைவு. முப்பது நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2002இல் ஆக்ஸ்போர்டு குழு போட்ட கணக்கு இது: ஒரு பிரசவத்துக்கு 7 சதவீதமும், பன்னிரண்டு மாதப் பாலூட்டலுக்கு 4.3 சதவீதமும் ஆபத்து குறைகிறது. அன்றைய பார்சிப் பெண்களின் வாழ்க்கை இன்று சென்னை, பெங்களூரு நடுத்தரக் குடும்பங்களின் வாழ்க்கை. 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பதிவேடு கணக்கெடுக்கத் தொடங்கியபோது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். பிறகு மார்பகம் முந்திக்கொண்டது. (இதைப் படித்துவிட்டு மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணிவைக்க யாரும் கிளம்ப வேண்டாம். சிறுவயதுப் பிரசவம் கொண்டுவரும் கேடுகளின் பட்டியல் இதைவிட நீளம்.)

இப்போது கட்டிக்கு வருவோம்.

கெட்டுப்போன ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுக் கட்டியாக அது வளர ஏறக்குறைய முப்பது முறை இரட்டிக்க வேண்டும். ஒரு முறை இரட்டிக்க நூறு நாள் என்று வைத்துக்கொண்டால் எட்டு ஆண்டுகள் ஓடிவிடும். சில கட்டிகளுக்கு ஐம்பது நாள் போதும்; சிலவற்றுக்கு இருநூறு நாளுக்கு மேலும் ஆகலாம். இந்த எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி யார் கைக்கும் எட்டாதது. கை தடவி உணரக்கூடிய அளவுக்கு வந்த பிறகுதான் நமக்கான கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு அது ஓடும் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

மருத்துவர்கள் கட்டியின் அளவில் போட்டு வைத்திருக்கும் கோடுகள் இரண்டு: 2 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர். இரண்டுக்குள் இருந்து, அக்குளில் நெறி கட்டாமலும் இருந்தால் முதல் நிலை. ஐந்தைத் தாண்டினால் பெரிய கட்டி. இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே ரொம்ப தூரம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் கட்டி வளர்வது கன அளவில். 5 சென்டிமீட்டர் கட்டிக்குள் 2 சென்டிமீட்டர் கட்டிகள் ஏறக்குறைய பதினாறு அடங்கும். பதினாறு என்பது நான்கே இரட்டிப்பு. நூறு நாள் கட்டி என்றால் நானூறு நாள். ஐம்பது நாள் கட்டி என்றால் இருநூறு. உண்மையில் எந்தக் கட்டியும் இவ்வளவு ஒழுங்காக வளர்வதில்லை. ஆனாலும் சிறிய கட்டி பெரிய கட்டியாக, ஒரு பள்ளிக்கூட ஆண்டு போதும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டின் விலை என்ன? இந்தியாவின் பதினொரு பகுதிகளில் 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து, 2024இல் ஒரு கணக்கு வெளியானது. கட்டி மார்பகத்துக்குள்ளேயே நின்றிருந்தவர்களில் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 81 சதவீதம். அக்குள் வரை போயிருந்தால் 65.5. எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போயிருந்தால் 18.3. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய்களில் 57 சதவீதம் முதன்முறை கண்டறியப்படும்போதே கட்டி இருந்த இடத்தைத் தாண்டிச் சுற்றுப்புறத்தில் பரவியிருக்கின்றன.

நாட்கள் எங்கே போகின்றன? முதல் தவணையை அவளே கொடுக்கிறாள். காரணம் கூச்சம் மட்டும் இல்லை. ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிலக்கை ஒட்டி வரும் சாதாரணக் கட்டி வலிக்கும். அதைக் காட்ட ஓடி வருவார்கள். புற்றுக் கட்டி கடினமாக, அசையாமல், சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வலித்தால்தான் ஆஸ்பத்திரி என்று பழகிய வீட்டில் வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்? பால் கொடுக்கும் தாய் என்றால் பால் கட்டியிருக்கிறது என்பார்கள். வெந்நீர் ஒத்தடம், பச்சிலைப் பத்து. அப்புறம் மகளின் வளைகாப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும், பையன் பரீட்சை எழுதட்டும். இதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டு வேலைகளின் வரிசையில் தன் உடம்பைக் கடைசியில் வைத்துப் பழகியவள், கட்டியையும் அங்கேயே வைக்கிறாள்.

ஊசி வைத்தால் பரவிவிடும் என்ற பயமும் உண்டு. இது முட்டாள்தனத்தில் பிறந்த பயம் இல்லை, பார்த்ததில் பிறந்தது. பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு ஊசி போட்டு எடுத்தார்கள், ஆறே மாதத்தில் போய்விட்டாள். ஊசி போட்ட அன்றே நோய் அவள் கல்லீரலில் இருந்தது என்பது தெருவுக்குத் தெரியாது. சோதனை ஊசியால் ஆயுள் குறைவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. தாமதமாக வருபவர்கள் நிறைந்த ஊரில் மட்டும், ஊசிக்கும் சாவுக்கும் நடுவே காலம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். தாமதம் இப்படித் தனக்கான சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இரண்டாவது தவணைதான் எனக்கு அதிகம் உறுத்துவது. அவள் வந்துவிட்டாள், காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு போகும் நாட்கள் இவை.

முதலில் பார்க்கும் மருத்துவர் ஆணாக இருந்தால், பக்கத்தில் நிற்க நர்ஸ் இல்லையென்றால், தொட்டுப் பார்க்காமலே மாத்திரை எழுதுவது நடக்கிறது. பத்து நாள் ஆன்டிபயாடிக். குறையாவிட்டால் இன்னொரு பத்து நாள். முப்பத்திரண்டு வயதுப் பெண் என்றால், இந்த வயதில் கேன்சரெல்லாம் வராதும்மா என்று அனுப்பிவைப்பதும் உண்டு. வரும். அடுத்தது சின்ன நர்சிங் ஹோம். கட்டிதானே, எடுத்துவிடலாம் என்று அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துக் கீறி எடுத்துவிடுவார்கள். எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதிர்ஷ்டம். அனுப்பாவிட்டால் ஓரிரு ஆண்டு கழித்து அதே தழும்புக்குக் கீழே அது திரும்ப எழும்.

அனுப்பினாலும் எதில் போட்டு அனுப்பினார்கள் என்பது ஒரு கேள்வி. ஒழுங்காகச் செய்தால் இப்படி: ஸ்கேன் பார்த்தபடியே ஒரு தடித்த ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். விசை ‘டக்’ என்று ஒலிக்கும். ஊசியின் பள்ளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் வெளிறிய ஒரு சதைத் துணுக்கு வந்திருக்கும். அதை எடுத்தவுடன் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஃபார்மலின் செல்லின் புரதங்களை இருந்த இடத்திலேயே கட்டிப்போடுகிறது. பிறகு மெழுகில் புதைத்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு கனத்தில் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். புற்றா இல்லையா என்பது முதல் கேள்விதான். செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 புரதம் மிகுந்திருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். சிறிய ஊர்களில் துணுக்கை உப்புக் கரைசலில் போட்டு, மாலை பஸ்ஸில் வரும் ஆளுக்காகக் காத்திருப்பார்கள். அதற்குள் புரதங்கள் சிதையத் தொடங்கிவிடும். ஏற்பி இருந்தும் இல்லை என்று அறிக்கை வரும். சில ரூபாய் விலையுள்ள டமாக்சிஃபென் மாத்திரை, ஐந்து ஆண்டு சாப்பிட்டால் ஏற்பியுள்ள நோயில் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கக்கூடியது. தவறான அறிக்கை வாங்கியவளுக்கு அந்த மாத்திரையை யாரும் எழுத மாட்டார்கள். அவள் சரியான நேரத்துக்கு வந்திருந்தும் பயனில்லை.

இந்த இடத்தில் அரசாங்கங்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் தோன்றும் தீர்வு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கும் வண்டி. திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்ட வசதியான பொருள். மேமோகிராம் நல்ல கருவிதான். கைக்குத் தெரியாத சிறு புள்ளியையும் அது காட்டும். ஆனால் நம் நோயாளிகளில் பெரும்பாலோர் கைக்கு நன்றாகத் தெரியும் கட்டியோடு மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவர்கள். தெரிவதையே கவனிக்க வழியில்லாத இடத்தில் தெரியாததைத் தேடும் கருவி என்ன செய்யும்? நாற்பதுகளில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளைதான். நோய் குறைவாக உள்ள மக்களைச் சலித்தால் பொய்யான சந்தேகங்களே அதிகம் கிடைக்கும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஓர் ஊசி, ஓர் அறிக்கை, ஏற்கெனவே நீண்டிருக்கும் வரிசையில் இன்னோர் ஆள்.

அப்படியென்றால் அவளையே அவள் மார்பைச் சோதிக்கச் சொல்லலாமே? சீனாவின் ஷாங்காயில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஜவுளி ஆலைகளில் வேலை செய்த 2,66,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனையை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள். 2002இல் முடிவு வந்தது. கற்றவர்கள் அதிகக் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. இறப்பில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. மாதாமாதம் கண்ணாடி முன் நின்று தேடச் சொல்லும் பழைய அறிவுரையை மருத்துவ உலகம் இதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கி வாசிக்கிறது. தன் உடம்பின் இயல்பை அறிந்து வைத்து, மாற்றம் தெரிந்தால் உடனே காட்டுவது போதும் என்கிறார்கள்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையின் இந்திரனீல் மித்ரா குழு வேறு கையைப் பயன்படுத்தியது. 1998இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களைச் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி. அவர்கள் கற்றுக்கொண்டது எளிய வித்தைதான், ஆனால் அவசரப்படுத்த முடியாதது. நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், சிறு சிறு வட்டமாக, ஒரே இடத்தில் மேலாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, விலா எலும்பு தட்டும்வரை ஒருமுறை அழுத்த வேண்டும். காறை எலும்பிலிருந்து மார்பின் அடி மடிப்பு வரை மேலும் கீழுமாக வரிசை விடாமல் போக வேண்டும். கடைசியில் அக்குள். பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் பஞ்சுத் திரளுக்கும் உள்ளே மாட்டிக்கொண்ட புளியங்கொட்டைக்கும் விரல் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்குமோ அந்தப் பக்குவம் வர வேண்டும். தோலில் குழிவு, ஒருபக்கமாக இழுபட்ட காம்பு, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளிவிட்ட சருமம் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்கவும் பழகினார்கள்.

ஒரு பிரிவுப் பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை இந்தச் சோதனை. மற்றவர்களுக்கு விழிப்புணர்வுப் பேச்சு மட்டும். இருபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு முடிவு 2021இல் அச்சானது. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் மற்ற பிரிவில் 47 சதவீதம், சோதிக்கப்பட்ட பிரிவில் 37. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மின்சாரம்கூடத் தேவைப்படாத ஒரு முறைக்கு இது பெரிய எண். ஐம்பதுக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. எல்லா வயதையும் சேர்த்தால் 15 சதவீதக் குறைவு, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தைப் புள்ளியியல் விலக்கவில்லை. இளம் வயதுக் கட்டிகளில் வேகமாக வளர்பவை அதிகம். இரண்டு சோதனைகளுக்கு நடுவிலேயே அவை எழுந்து பரவியும்விடும் என்பது ஒரு விளக்கம்.

இந்த ஐம்பது வயதுக் கோட்டை வைத்து, இந்தியப் பெண்களுக்கு இந்நோய் பத்து ஆண்டு முன்னதாக வருகிறதே, அப்புறம் என்ன பயன் என்று கேட்பார்கள். நம் மருத்துவமனைகளில் வரும் நோயாளிகளின் சராசரி வயது மேலைநாட்டைவிடக் குறைவு என்பது உண்மைதான். அதற்குப் பெரிய காரணம், நம் நாட்டில் இளையவர்களே அதிகம் என்பது. தனித்தனியாக நாற்பது வயது இந்தியப் பெண்ணையும் நாற்பது வயது அமெரிக்கப் பெண்ணையும் எடுத்துக்கொண்டால் ஆபத்து நம்மவளுக்கு அதிகம் இல்லை.

ஜெர்மனியில் ஃபிராங்க் ஹாஃப்மன் என்ற மகளிர் மருத்துவர் தடவிப் பார்க்கும் இந்தக் கை வித்தையை இன்னும் ஒருபடி கொண்டுபோனார். பார்வையற்ற பெண்களுக்கு மார்பகச் சோதனையில் பயிற்சி கொடுத்தார். பிரெய்ல் குறியிட்ட பட்டைகளை மார்பில் ஒட்டி, கட்டமாகப் பிரித்து, அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு அவர்கள் தடவிப் பார்க்கிறார்கள். டெல்லியிலும் பெங்களூரிலும் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

மத்திய அரசு 2016இல் வகுத்த நெறிமுறை, முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கைச் சோதனையை ஏற்றுக்கொண்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை. மும்பையில் பலன் கண்டது இரண்டாண்டு இடைவெளியில். ஐந்தாண்டில் ஒரு கட்டி எத்தனை முறை இரட்டிக்கும் என்பதை மேலே போட்ட கணக்கிலிருந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த ஐந்தாண்டுச் சோதனையாவது நடக்கிறதா என்றால், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகச் சோதனை செய்துகொண்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தமிழ்நாடு பல மாநிலங்களைவிட முன்னால் நிற்கிறது. ஆனாலும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை.

கைச் சோதனையைக் குறைந்த செலவில் செய்து காட்டிய இடமும் உண்டு. மலேசியாவின் சரவாக் மாநிலம் காடும் ஆறும் நிறைந்தது. சில கிராமங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். 1994இல் அங்கே மார்பகப் புற்றுநோயோடு வந்தவர்களில் 60 சதவீதம் பேர் முற்றிய நிலையில் இருந்தார்கள். புற்றுநோய் மருத்துவர் பீனா தேவியும் சகாக்களும் கிராமப்புற மருந்தகச் செவிலியர்களுக்குக் கட்டியைத் தடவிக் கண்டுபிடிக்கவும், உடனே மேலிடத்துக்கு அனுப்பவும் சொல்லிக்கொடுத்தார்கள். துண்டுப் பிரசுரம், சுவரொட்டி, செவிலியர்களின் பேச்சு. புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. 1998இல் முற்றிய நிலை 35 சதவீதமாகக் குறைந்திருந்தது. மொத்தச் செலவு 34,000 டாலருக்குள். ஒரு மேமோகிராம் கருவிகூட அந்தப் பணத்துக்கு வராது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முயற்சியில் நாடுகளுக்கு மூன்று இலக்குகள் வைத்தார்கள். அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டோர் முதல் இரு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும். கண்டறியப்பட்டவர்களில் எண்பது சதவீதம் பேர் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். நடுவில் உள்ளது எனக்குப் பிடித்த இலக்கு: ஒருத்தி கட்டியோடு முதன்முறை வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும்.

அறுபது நாளைப் பிரித்துப் பார்க்கலாம். கைச் சோதனையும் ஸ்கேனும் ஊசியும் ஒரே காலையில் முடியக்கூடியவை. பல நாடுகளின் மருத்துவமனைகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஃபார்மலினில் ஓர் இரவு, மெழுகுக்கும் சீவலுக்கும் சாயத்துக்கும் இரண்டு மூன்று நாள், ஏற்பிச் சோதனைக்கு இன்னும் சில நாள். எல்லாம் சேர்த்து பத்து நாள் வேலை. மீதி ஐம்பது நாளில்தான் மற்றதெல்லாம் நடக்கிறது. ஸ்கேனுக்கு அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்வது, சர்ஜரி ஓ.பி. செவ்வாய் மட்டும் என்பது, அறிக்கையில் பெயர் மாறிப்போனது, காப்பீட்டு அட்டையில் கணவர் பெயர் வேறு என்று திருப்பி அனுப்புவது, பஸ் காசு புரட்டும்வரை அவள் வராமல் இருப்பது, வராதவளை யாரும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்காமல் இருப்பது.